இருநூற்றுப் பதினான்காம் கை

குத்தாயிசிக்குத் தெற்கே
தண்டவாளம் புல்லுக்குள் போய்
திரும்பி வராத இடத்தில்
கையுறைத் தொழிற்சாலை.
காவலாளிக்கு அரைப் புட்டி சாச்சா.
ஜும்பெர் முன்னால், நான் பின்னால்,
எனக்குப் பின்னால் கீச்சிடும் தள்ளுவண்டி.

மோட்டார்களை எங்களுக்கு முன் வந்தவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.
செம்புக் கம்பியை, அவர்களுக்கும் முன் வந்தவர்கள்.
கொதிகலனை உருவிய சுவரில்
கொதிகலன் அளவுக்கு வெளிச்சம்.

டார்ச்சை உயர்த்தினேன்.
கைகள்.
வெள்ளைப் பீங்கான் கைகள், விரல்கள் கீழ்நோக்கி,
சங்கிலி போகும் தூரமெல்லாம்.
ரப்பர் பாலில் முங்கி, சூட்டில் காய்ந்து,
தோலுரிந்து, மறுபடி முங்கப் போனவை,
நாளைக்கு மூன்று ஷிஃப்ட்.
முங்கப் போகும் வழியில் நின்றுவிட்டிருந்தன.

"பீங்கானை எவனும் வாங்க மாட்டான்.
சங்கிலி எண்பது கிலோ தேறும்" என்றான் ஜும்பெர்.

சுத்தியலைக் கீழே வைத்த இடத்தில்
தூணோடு கட்டிய நோட்டு. ஊதா மை.
சியாலா, தரச் சோதனை.

மார்ச் 4. 214, மோதிர விரல் ஓட்டை. மாற்றவும்.
மார்ச் 5. 214, மோதிர விரல். மாற்றவும்.
மார்ச் 19. 214. நேரில் சொல்லிவிட்டேன்.
ஏப்ரல் முழுக்க 214.
ஜூனில் எண்கூட இல்லை,
'அதே' என்று மட்டும்.
பிறகு வெற்றுத் தாள்கள், எலி கடித்த ஓரம்.

சியாலா லீவு போட்ட நாட்களில்
அந்த உறை பெட்டிக்குள் போயிருக்கும்.
எந்த ஊரிலோ ஒருத்தி
பாத்திரம் கழுவி முடித்து,
மோதிர விரல் மட்டும் நனைந்ததேன் என்று
விளக்கடியில் நின்று பார்த்திருப்பாள்.

"ஐந்து நிமிஷ வேலை, சோம்பேறிகள்"
என்று ஜும்பெர் ஏணியைத் தேடினான்.
மணிக்கட்டில் நீல எண்கள்.
நூற்றுத் தொண்ணூறு, இருநூறு, தூசியைத் துடைத்துத் துடைத்து.
இருந்தது. விரல் நுனியில்
நகக்கண் அளவு சில்லு.

ஐந்து நிமிஷம் இல்லை. துரு.
டீசல் ஊற்றி, ஸ்பேனரை உதைத்து, கெட்ட வார்த்தை சொல்லி
ஒரு மணி நேரம்.
அந்நேரத்தில் பாதிச் சங்கிலி இறக்கியிருக்கலாம்.
இறக்கிய கையை ஜன்னல் திட்டில் வைத்தான்,
உள்ளங்கை மேலே.

ஆணி முனையால் 'அதே'வுக்குக் கீழே கீறினேன்:
மாற்றியாயிற்று.
"எங்கே மாற்றினோம்? கழற்றினோம்" என்றான்.
அடித்துவிட்டுத் திருத்தினேன்.
தேதி போடச் சொன்னான். போட்டேன்.

பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு
ஏணியில் ஏறினான்.
இருநூற்றுப் பதின்மூன்றில் ஆரம்பித்தான்.