ஓசெல் போட்ட கோடு

ஓடோமீட்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு மைல்.
கதவு விளிம்பில் பிளாஸ்டிக் உறை
இன்னும் முழுதாய் உரியவில்லை.
அதற்குள் நாலு ஸ்டாண்டுகள் மேல் நிற்கிறது
சக்கரம் இழந்து,
டெட்ராய்ட்டுக்குத் தெற்கே, என் ஒற்றைக் கார் கராஜில்.

பைத்தியமா லவான், என்றாள் ஜெனீன் வேலிக்கு அப்பாலிருந்து.
எழுபத்திரண்டு மாதத் தவணை,
முதல் மாதமே கட்டி முடியல,
அதுக்குள்ள அறுக்கறியே.

அறுத்தேன்.
ஆலை ஒரே துண்டாய்ப் பொருத்திய புகைக்குழாயை
மல்லாந்து படுத்து, கைரம்பத்தால், நாற்பது நிமிடம்.
இரும்புத்தூள் கண்ணாடிமேல் உதிர்ந்தது.
ரப்பர் வளையங்களுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி உருவியதும்
சைலன்சர் என் மார்பில் இறங்கிப் படுத்துக்கொண்டது,
ஆறு வயதுப் பிள்ளையின் கனம்.
அமைதிக்கு இவ்வளவு எடை இருக்குமென்று
யாரும் சொன்னதில்லை.

வாரத்தில் ஐந்து நாள், சில வாரம் ஆறு,
இதே காரைத்தான் முடுக்குகிறேன்.
ஐம்பத்தெட்டு நொடிக்கு ஒன்று.
மூக்கு அரித்தால் அடுத்த கார் வரும்வரை பொறுக்க வேண்டும்.
டிரைவர் பக்கக் கதவு, இரண்டு கீல், நாலு போல்ட்;
துப்பாக்கி தானே நிற்கும், பச்சை விளக்கு எரியும்,
கார் போய்விடும்.
பதினோரு வருடமாக
எனக்குத் தெரிந்த கார் ஒரு கதவளவு.

கீழே படுத்த பிறகுதான் பார்த்தேன்
இதற்குள் எத்தனை பேர்.
யாரோ சாக்கட்டியில் கிறுக்கிய எண்.
பிசின் காயுமுன் பதிந்த ஒரு கட்டைவிரல்.
ஒவ்வொரு போல்ட் தலையிலும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு:
இறுகிவிட்டது, பார்த்துவிட்டேன், போகலாம்.

எல்லோரும் நேராய் இழுப்பார்கள்.
ஓசெல் இடக்கைக்காரன்,
அடுத்த காருக்குத் திரும்பிக்கொண்டே இழுப்பான்.
அவன் கோட்டின் வால் தூண்டில் முள்போல வளையும்.
பின் ஷாக்கின் அடி போல்ட்டில்
அந்த முள்.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.
ஆறிப்போன காபியைக் குடித்தேன்.
சிவப்பு ஸ்பிரிங்குகள் நாலும் அட்டைப்பெட்டியில் காத்திருந்தன,
காரை ஒன்றேகால் அங்குலம் தாழ்த்த.
பிறகு ஸ்பேனரில் குழாய் மாட்டி, பாதத்தால் உதைத்தேன்.
மூன்றாவது உதையில் ஒரு சிறு ஓலம்,
கோடு இரண்டானது:
பாதி போல்ட்டில், பாதி இரும்புக் கையில்.

திரும்ப முடுக்க
ஒரு போல்ட்டுக்கு ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.
யாரும் கேட்கவில்லை.
டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றதும்
இன்னொரு முறை அழுத்தி அந்த 'டிக்'கைக் கேட்டேன்,
தேவைக்கல்ல.

ஞாயிறு மாலை ஐந்தரைக்குச் சாவி திருப்பினேன்.
அலமாரியில் ஆணி டப்பா நகர்ந்து விழுந்தது.
மூன்றாம் வீட்டு நாய்
குரைக்க வாய் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டது.
ஜெனீன் குளியல் அங்கியோடு வந்தாள்,
ஈரத் தலையோடு கொஞ்ச நேரம் நின்றாள்,
பானட்டில் உள்ளங்கையை வைத்தாள்.
ஏழு மணிக்கு மேல வேண்டாம், என்று மட்டும் சொல்லிப் போனாள்.
வாரண்டி என்ன ஆகுமென்று கேட்கவில்லை.
நானும் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கவில்லை.

திங்கள், சாப்பாட்டு இடைவேளை.
ஓசெல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.
உன் போல்ட் ஒண்ணைக் கழட்டினேன், என்றேன்.
நிமிராமல் கேட்டான்: இறுக்கமா இருந்துதா?
குழாய் மாட்டி உதைக்க வேண்டியிருந்தது.
எத்தனை உதை?
மூணு.
மூணு, என்று தனக்கே சொல்லிக்கொண்டு
பாதி ஆரஞ்சை என் பக்கம் தள்ளினான்.

முடுக்கி முடித்தபோது
கோட்டின் இரண்டு பாதியும் சேரவில்லை,
ஒரு நகத்தளவு தள்ளி நின்றன.
அதைச் சொல்லலாமா என்று பார்த்தேன்.
மணி அடித்தது.