ஸலாம்

விடியச் சாமம் மூன்றரைக்கு எழுப்பினேன்.
நித்திரைக்கு விட வேண்டாம் என்று
துண்டில் எழுதித் தந்திருந்தார்கள்.
மாளிகாவத்தை மாடிவீட்டு நடையில்
உள்ளங்காலில் தண்ணீர் தெளித்துத் தெளித்து
ஆறு மாதப் பிள்ளைக்கு டியூப்லைட்டுகளைக் காட்டி நடந்தேன்.

இப்போது பொரளையில், ஏசி அறையில்,
"நித்திரையாக்குங்க" என்கிறார் மிஸ்.
மாட்டேன் என்கிறான் இஷ்ராக்.
தலையை நாடாவால் அளந்து
சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து
பசை தடவி ஒட்டினார், இருபத்தொரு வயர்.
உச்சிக்குழியருகே மட்டும்
அவர் விரல் கொஞ்சம் தயங்கிப் போனது.

போன மாதம்தான் குனியத் தொடங்கினான்.
கை விரிய, தலை முன்னே சாய,
ஒன்று, இன்னொன்று, ஏழெட்டு.
"மகன் ஸலாம் சொல்றார்!" மைனி கைதட்டினாள்.
நானும் பதில் சொன்னேன்,
ஒவ்வொரு தரமும்.
ஃபோனில் பிடித்து கட்டாருக்கு அனுப்பினேன், அவன் வாப்பாவுக்கு.
அந்த வீடியோவைத்தான் டொக்டர்
சத்தத்தை அணைத்துவிட்டு மூன்று முறை பார்த்தார்.

முலை வாயிலிருக்கவே உறங்கிப்போனான்.
திரையில் கோடுகள். எனக்கென்ன விளங்கும்?
காலிமுகத்திடலில் ஜூன் மாதக் கடல்,
ஒரு அலையாவது
மற்றதைக் கேட்டு வரவில்லை.
மிஸ் என்னைப் பார்க்காமல்
"பால் நல்லாக் குடிப்பாரா?" என்றார்.

கண் விழித்தான். குனிந்தான்.
பத்து பதினேழு, மிஸ் குறித்துக்கொண்டார்.
"வ அலைக்கும்" வரை வந்துவிட்ட நாவை
பல்லுக்குள் பிடித்துக்கொண்டு
எண்ணினேன்,
டொக்டருக்குச் சொல்ல.