ஐம்பது சொல்லுக்குள்

நான்கு கடிதம் போதும் என்றார் பேராசிரியர் ஹென்ட்ரிக்ஸ்.
லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். கையெழுத்து, தேதி,
எங்காவது ஓர் எண்.
"எண் இல்லாத நன்றியை
மதிப்பீட்டுக் குழு நன்றியாகவே எடுத்துக்கொள்ளாது."

உம்லத்துசானா ஆற்றில் மூன்று கம்பங்கள் நட்டிருந்தோம்,
கீழே வெள்ளை, மேலே சிவப்பு.
நீர் சிவப்பைத் தொட்டால்
நூற்றுப் பதினாறு கைபேசிகளுக்குச் செய்தி போகும்.
அதுதான் ஆய்வு.
ஆறு ஆண்டு, இரண்டு முனைவர் பட்டம், ஒரு மணமுறிவு.
இனி அதனால் யாருக்கோ ஏதோ ஆயிற்று என்று
வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்க வேண்டும்.
அல்லது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று.
நடக்காமல் போன ஒன்றுக்கு
எவரிடம் போய்ச் சாட்சி கேட்பது?

சாட்ஸ்வர்த் மேட்டிலிருந்து கீழே இறங்கினேன்.

கோயில் செயலாளருக்குத் தாத்தா காலத்தில் கவுண்டர்,
அடையாள அட்டையில் கோவெண்டர்.
அவரிடம் லெட்டர்ஹெட் இருந்தது,
மூலையில் மயில், நான்கு நிறத்தில்.
வெற்றுத்தாளில் முதலில் கையெழுத்தைப் போட்டார்.
"மேலே நீயே எழுதிக்கொள் தம்பி.
அன்னதான அரிசி நாற்பது மூட்டை தப்பியது.
முப்பத்தெட்டு. சரி, நாற்பதென்றே போடு."

டயர் கடை தேஷன் படையாட்சி
செய்தியைப் பார்த்ததும் பக்கி வண்டியை எடுத்தானாம்.
"பதினொரு டயரை மேட்டில் ஏற்றினேன்.
பன்னிரண்டாவது கடலுக்குப் போயிருக்கும்.
அதனிடமும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்."
லெட்டர்ஹெட் இல்லை. ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம்,
கிரீஸ் ரேகையோடு.

பள்ளித் தலைமையாசிரியை இரண்டு பக்கம் தட்டச்சு செய்து தந்தார்,
மாணவர் அனைவரும் பத்திரம் என்று.
வெள்ளம் வந்தது ஞாயிறு இரவு.
அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்காவது, நொகுதுலா.
தண்ணீருக்கு மிக அருகில் அவள் தகரவீடு.
பட்டியலில் அவள் எண்தான் முதல் எண்.

"செய்தி வந்தது. மறுநாள் மத்தியானம்,
தங்கை டேட்டா போட்டுவிட்ட பிறகு.
ராத்திரி என்னை எழுப்பியது பானைகள்.
அடுப்படியில் மிதந்துகொண்டு
ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டிருந்தன.
பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
பக்கத்து வீட்டுக்காரனிடம்
ஒரே ஒரு பானை.
ஒற்றைப் பானை எதில் போய் முட்டும்?"

அவள் சூலுவில் சொன்னாள்,
ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டேன்.
நெடுஞ்சாலை நெரிசலில் வீடு திரும்பும்போது
அது தமிழில் கேட்டுக்கொண்டே வந்தது.
எதில் போய் முட்டும்.

பேராசிரியர் இருமுறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கெட்டவர் இல்லை அவர்.
அந்தக் கம்பங்களை நட இடுப்பளவு சேற்றில் நின்றவர்.
"இது சான்று இல்லையே" என்றார் மெதுவாக.
"கோயில் கடிதத்தை முன்னால் வை.
இதைக் கடைசிப் பக்கத்தில்,
'வரம்புகள்' என்றொரு பெட்டி இருக்கும் பார்.
ஐம்பது சொல்லுக்குள்."

வெட்டினேன். தங்கை போனாள்.
பிள்ளைகள் 'குடும்பத்தினர்' ஆனார்கள்.
அடுப்படி போயிற்று.
பானைகளை மட்டும் விடவில்லை,
'மாற்று எச்சரிக்கை ஒலிகள்' என்று அவர் திருத்தியதை
நான் திரும்பவும் பானைகள் என்றே திருத்தினேன்.
எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்பது.

ஒரு சொல்லுக்கு இடமிருந்தது.
பக்கத்து வீட்டுக்காரன் பெயரைப் போடலாம் என்று தோன்றியபோதுதான்
அதை நான் கேட்டே இருக்கவில்லை என்பது தெரிந்தது.

வெள்ளி, மாலை நாலரை.
நொகுதுலாவை அழைத்தேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
ஜன்னலில் தூறல்.
திரையில் மூன்று கம்பங்களும்
வெள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தன.