கடைசி ரயிலுக்குப் பிறகு

எட்மண்டன். ஜனவரி. மைனஸ் முப்பத்து நான்கு.
கடைசி ரயில் பணிமனைக்குப் போய் அடங்கிய பிறகுதான்
இந்த நிலவறையில் எங்களுக்கு விடியும்.

அதுவரை சுவருக்கு அப்பால், சுரங்கத்தில்,
ஒவ்வொரு வண்டியும்
எங்கள் காந்தப்புலத்தை ஒரு சிட்டிகை
இழுத்துவிட்டுப் போகும்.
திரையில் கோடு தும்மும்.
'நூறு' என்பேன் நான், பழக்கதோஷம்.
என்ன அது என்றாள் ஒக்சானா முதல் வாரம்.
தும்மினால் நூறு வயசு வாழச் சொல்வது என்றேன்.

படலத்தை இடுக்கியில் எடுக்கிறாள்.
சுண்டுவிரல் நகம் அகலம்,
வெளிச்சத்தில் நீர்த்த தேநீரின் நிறம்,
தடிமன் ஐந்து மைக்ரான்:
ஒரு தலைமுடியைப் பதினைந்தாக வகிர்ந்தால்
அதில் ஒன்று.

உள்ளே கோடிகோடிப் பம்பரங்கள்
ஒரே திசை பார்த்து.
இந்த முனையில் ஒரு பொன்கம்பி
சிலவற்றைத் தட்டிச் சாய்க்கும்.
சாய்ந்தது அடுத்ததைச் சாய்க்கும்.
குடம் பக்கத்தில் வந்ததும்
மண் மட்குடம் ஆகிறதே, அந்தத் திரிபு.
எழுத்து இடம் பெயர்வதில்லை.
பக்கத்தில் யார் என்பதற்காகக் கொஞ்சம் சாய்கிறது,
அவ்வளவுதான்.

இன்றைய தொல்லை:
இடமிருந்து வலம் அனுப்பினால் கேட்கிறது.
வலமிருந்து இடம், ஊமை.
கேபிள் என்றாள். மாற்றினோம்.
இன்னொரு கேபிள். மாற்றினோம்.
இரண்டரைக்குக் காந்தத்தின் திசையைத் திருப்பிப் போட்டேன்.
ஊமைப் பக்கம் பேசியது, பேசிய பக்கம் ஊமையானது.
போகும் அலை மேல்தோலில்,
திரும்பும் அலை அடித்தோலில்.
கம்பியோ மேலே மட்டும்.
கேபிளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

பிறகு புலத்தை அலையின் வழியோடே கிடத்தினால்
வேறொரு கூத்து:
முகடுகள் பின்னோக்கி நடக்க
சேதி முன்னோக்கிப் போய்ச் சேரும்.
ஓடும் ரயிலுக்குள் பின்பெட்டிக்கு நடப்பவன் மாதிரி
என்று சொல்லலாம்.
உவமை முழுக்கப் பொருந்தாது.
மணி மூன்றே முக்காலுக்கு
இதைவிட நல்லது வராது.

அப்போது கோடு தும்மியது.

ரயில் இல்லையே.
லிஃப்டும் அசையவில்லை.
கதவைத் திறந்தால், டெஸ்ஃபாய்,
துடைப்பம், வாளி, இரும்புத் தள்ளுவண்டி.
சொன்னதும் வண்டியைத் தாழ்வாரத்தின் கோடிக்குத்
தள்ளிவிட்டு வந்தான்.
'சாவிக்கொத்தும் வெளியிலா?'
வெளியில்தான்.
இடுப்புக் கொக்கியைக் கழற்றி
வாசலுக்கு அப்பால் வைத்தான்.

மூவரும் அசையாமல் நின்றோம்.
ஒரு துடிப்பு அனுப்பினேன்.
'என்ன போகிறது?'
ஒன்றும் போகவில்லை. எல்லாம் நின்ற இடத்தில்தான்.
'அப்புறம் அந்தப் பக்கம் வந்தது என்ன?'

நான் ஒக்சானாவைப் பார்த்தேன்.
அவள் திரையைப் பார்த்தாள்.
முன்னூறு நானோ நொடியில் தேய்ந்து
தட்டையானது அலை.
'சரி, யோசித்துச் சொல்லுங்கள்'
என்று சாவியை எடுத்துக்கொண்டு போனான்.
வண்டி உருள உருள
கோட்டில் மெல்லிய நடுக்கம்,
அது எந்த மாடியில் இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

ஐந்தே காலுக்கு முதல் ரயில்.
கோப்பைச் சேமித்தபடி,
தலை நிமிராமல்,
'நூறு' என்றாள் ஒக்சானா.