டிரிப் ஷீட்டின் பின்பக்கம்

குலசேகரத்தில் ஐந்தரைக்கு முதல் விசில்.
ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டித் தீர்த்து
செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தன.
இடையிடையே மஞ்சளாய்ப் பூ,
கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது.
தெரியாதது கண்ணுக்குள் வந்துவிட்டது.

மூக்கோரத்து மூலையில்தான் தொடங்கும்.
திருவட்டார் வருவதற்குள் இரண்டு கண்ணும்
புது அயலையின் செவுள்.
சில்லறை வாங்கிய விரல், கம்பி பிடித்த விரல்,
அதே விரலால் கசக்குவேன்.
கசக்குவதில் ஒரு சுகம் உண்டு,
கடன் வாங்குவதில் இருக்கிற மாதிரி.

ஆற்றூரில் ஏறிய பெண்
குழந்தையை மறுமடிக்கு மாற்றினாள்:
"மெட்ராஸ் ஐ."
மார்த்தாண்டத்தில் ஏறியவர் பக்கத்து சீட்டிடம்:
"காலத்தே ஊத்திட்டு வந்நிருக்கான், பாத்தியா?"
வீட்டில் பிரேமலீலா மட்டும்
"ஆருக்க நெனவுல அழுதீரு?" என்றாள்.

டெப்போவில் செக்கிங் ஜெபசிங் குழாயை நீட்டினார்.
ஊதினேன்.
சுழியம்.
இன்னொரு தடவை ஊதச் சொன்னார்.
"மெஷினு கேடு" என்று
என் கண்ணைப் பார்த்துக்கொண்டே எழுதினார்.

மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்து
இரண்டு நாள் அற்புதம் செய்தது.
மூன்றாம் நாள் விட்டேன், இரட்டியாய் வந்தது.
மறுபடி விட்டேன்.

சும்மா இருக்க முடியாமல்
டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்:
*திருவட்டார் – அரிப்பு. மார்த்தாண்டம் – தண்ணீர்.
புதுக்கடை – குறைவு.
தேங்காப்பட்டணம் – ஒன்றுமில்லை, சாயா நல்லாயிருந்தது.
திரும்பும்போது ஆற்றூர் – மறுபடி.*
ஒன்பது நாள்.
கடல் காற்றில் கண் அடங்கியது,
தோட்டத்துக் காற்றில் எழுந்தது.

குழித்துறை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷெர்லின் மேபா
இமையைத் திருப்பிப் பார்த்தார்.
"வலியா, அரிப்பா?"
அரிப்பு.
"காலையில் பீளை ஒட்டுதா?"
இல்லை. வெறும் தண்ணீர்.
"ஒரு கண்ணிலா?"
ரெண்டும்.
"தும்மல்?"
பதிலுக்குத் தும்மினேன்.
"போன மாசியிலும்?"
அதற்கு முந்தின மாசியிலும், டாக்டர்.

தாளை நீட்டினேன். முழுதும் வாசித்தார், சாயா உட்பட.
"பூந்தூளா, தளிரில் பிடிக்கிற வெள்ளைப் பூஞ்சையா,
அதற்கு அடிக்கிற கந்தகப் பொடியா,
பார்த்தவுடன் சொல்ல முடியாது.
ஒவ்வாமைதான். தொத்தாது."
தொத்தாது:
அந்த ஒரு சொல்லை எழுதி
ஸ்டாம்ப் அடித்துத் தரமுடியுமா என்று கேட்டேன்.

பழைய சொட்டு மருந்தைக் காட்டியதும் முகம் மாறியது.
"இதை இனி நீங்களா வாங்கக்கூடாது.
கண்ணுக்குள் பிரஷரை ஏத்தும், சொல்லாமல் ஏத்தும்."
வேறு மருந்து எழுதினார்.
"வலித்தால், பார்வை மங்கினால், வெளிச்சம் கூசினால்
லீவு கிடைக்குமா என்று பார்க்காதீங்க, வந்துடுங்க."

இப்போது என் பையில்
ஒரு பிளாஸ்க் குளிர்ந்த தண்ணீர், வெள்ளைத்துணி.
முகத்தில் கறுப்புக் கண்ணாடி. டிரைவர் வில்பிரட்
"கல்யாணத்துக்கா?" என்கிறான் தினமும்.
மார்த்தாண்டம் வரை என் பக்கத்து ஷட்டர் கீழே.
ராத்திரி தலை குளிக்காமல் தலையணையைத் தொடுவதில்லை.
கை கண்ணுக்குப் புறப்படும்போதெல்லாம்
பை வாரைப் பிடித்துக்கொள்கிறேன்.
பத்தில் நாலு தடவை தோற்கிறேன்.

நேற்று திருவட்டாரில் ஜெபசிங் ஏறினார்.
இரண்டு கண்ணும் செவுள்.
உள்ளங்கையால் அரைத்துக்கொண்டிருந்தார், மாவு அரைப்பதுபோல்.
குழாய் இருந்தால் நீட்டியிருப்பேன்.
"கசக்காதீங்க சார்" என்றேன்,
நனைத்த துணியைக் கொடுத்தேன்.
மூடிய கண்ணில் வைத்துக்கொண்டு
ஆற்றூர் வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு டிரிப் ஷீட்டைக் கேட்டார்.
'பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
அந்தச் சொல்மேலேயே
ஒரு சொட்டு விழுந்து
மை பரவியது.