ரெண்டாயிரம் மீட்டர் வெயில்

"வெயிலுக்கா பஞ்சம் இந்த ஊரில்?
சூட்டைத் தோண்டி எடுக்க வந்துட்டாங்க"
என்று சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
குழாய் மாட்டக் கூலி பேசிக்கொண்டே.

திருப்பாலைக்குடிக்கு மேற்கே
எரிவாயு தேடித் துளைத்தவர்கள்
வெந்நீர்தான் இருக்கிறதென்று
இரும்புத் தொப்பி போட்டுப் போன கிணறு.
தொப்பியைக் கழற்றினோம்.
கடலைவிடக் கரிப்பாய்
அழுகிய முட்டை வாடையோடு
மூச்சிரைக்க மேலே வந்தது.

பயிருக்கு ஆகாது. கை வைத்தால் தோல் உரியும்.
தகட்டுக்கு இந்தப் பக்கம் அது ஓடும்;
அந்தப் பக்கம் நல்ல தண்ணீர்
சூட்டை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு
பாலித்தீன் கூடாரத்துக்குள் போகும்.
தகட்டில் படியும் உப்பைச்
சனிக்கிழமைதோறும் சுரண்டுவது என் வேலை.
நகக்கண்ணில் ஏறினால்
செவ்வாய் வரை எரியும்.

மாசி முழுக்கக் கூடாரம் காலி.
களத்தில்தான் காசில்லாமல் காய்கிறதே.
வில்லாயுதம் எட்டிப் பார்த்து
"பேய்க்கு அடுப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பங்குனி பதினொன்று, ராத்திரி,
மழை.

களமெல்லாம் குண்டு மிளகாய்.
ஒரு நனைச்சல் போதும்,
சிவப்பு வெளுத்துச் சோடையாகிவிடும்.
டிராக்டரில், மொபெட்டில், தலைச்சுமையாய்
வந்துகொண்டே இருந்தார்கள்.
முதல் ஆள் வில்லாயுதம்,
தார்ப்பாயை இழுத்துக்கொண்டு
என் முகத்தைப் பார்க்காமல்.

வால்வை முழுசாய்த் திறந்தேன்.
ஐம்பத்தைந்து டிகிரி.
மேலே மழை அடிக்க அடிக்க
ரெண்டாயிரம் மீட்டருக்குக் கீழிருந்து
தட்டுத் தட்டாய் ஏறியது சூடு.
எல்லோருக்கும் இருமல், கண்ணில் நீர்.

ரெண்டு மணிக்கு ராவியத் வந்தாள்.
மிளகாய் இல்லை.
கக்கத்தில் ஈரத்துணி.
"கூரை ஒழுகிடுச்சு.
விடிஞ்சா இவனுக்குப் பரீட்சை.
இருக்கிறது ஒரே யூனிபாரம்."

மேல்தட்டில் ஓரமாய் இடம் இருந்தது.
உள்ளே எது போனாலும்
பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும்.
எழுதினேன்:
ராவியத். சட்டை ஒன்று. கால்சட்டை ஒன்று.
எடை போடவில்லை.

அந்த வாரம் மண்டியில்
எல்லா மிளகாய்க்கும் விலை இறங்கியது.
வெளுத்ததற்கும், வெளுக்காததற்கும்.
வில்லாயுதம் கூடார வாடகையைப்
பாதிதான் கொடுத்திருக்கிறார்.

கணக்குப் பரீட்சையில்
மூன்றாம் பெஞ்சில் தொடங்கிய தும்மல்
பேப்பர் வாங்க வந்த சார் வரைக்கும்
போனதாம்.
சட்டை நல்லாத்தான் காஞ்சிருந்துச்சு
என்கிறாள் ராவியத்.