ரெண்டு நூல்

திம்பம் ஏற்றம், பதினாலாவது கொண்டை ஊசி.
தாவணகெரே மக்காச்சோளம் பதினாறு டன்.
டார்க் ராடு ரெண்டும் ஒரே ராத்திரியில் போனது.
முதலில் இடது. அதன் பாரத்தைத் தாங்கப்போய் வலது.
சத்தம் ஒன்றும் பெரிதில்லை,
பக்கத்துக் காட்டில் யாரோ கரும்பு ஒடித்த மாதிரி.

கம்பெனி ராடு சோடி இருபத்தெட்டாயிரம்.
ஏழாம் தேதி பைனான்ஸ்காரன் வருவான்.
செய்துகொள்வது என்று முடிவாயிற்று.
முடிவைச் சொன்னது நானா அவனா தெரியாது,
பட்டறைக் கமாலுதீன் வழியாகத்தான்
நாங்கள் நாலு மாசமாகப் பேசுகிறோம்.
"பைப்பு எங்க எடுக்கறதுன்னு கேளுங்க பாய்."
"ஆறடியில நிக்கறாரு, நீங்களே கேட்டா என்னங்க?"
பங்கு வண்டி. தங்கை வீட்டுக்காரன் குழந்தைவேலு.
ரீட்ரேட் டயருக்குப் புது டயர் பில் வைத்தான்.
வைக்கவில்லை என்கிறான்.

திருச்செங்கோட்டில் இரும்புக்கா பஞ்சம்?
ரிக் வண்டி யார்டில் கழித்துப் போட்ட
போர் ராடு ஒன்று எடைக்கு வாங்கினோம்.
தையல் இல்லாத குழாய், கனத்த சுவர்.
சத்தீஸ்கரில் ஏதோ ஒரு மேட்டில்
எழுநூறடி இறங்கி
வெறும் புகையைப் பார்த்துவிட்டு வந்ததாம்.
நிமிர்ந்தே வாழ்ந்த சாமான்,
இனி வண்டிக்கடியில் படுக்கவேண்டும்.

உடைந்த ராடுகளின் கண்களை அறுத்தெடுத்தோம்.
பழைய ரப்பர் புஷ்ஷை நெருப்பு வைத்துக் கழற்ற
சங்ககிரி ரோடு முழுக்கக் கறுப்பு நாற்றம்.
கண்ணின் கழுத்தைக் கூராகச் சீவி,
குழாய்க்குள் ஒரு விரல் நீளம் இறக்கி,
பக்கவாட்டில் துளைபோட்டு அதையும் அடைத்து,
ஒரு சுற்று, கசடு தட்டி இன்னொரு சுற்று.
"தண்ணி ஊத்தீராதீங்க, வெடிச்சுப்போகும்"
சாம்பலில் புதைத்தோம், தானாக ஆறட்டும் என்று.

இடது பக்கத்து ராடு நான் செய்தேன்.
வலது, அவன்.
என் டேப்பு எனக்கு, அவன் டேப்பு அவனுக்கு.

மாட்டி எடுத்தால் வண்டி நண்டு நடை நடந்தது.
ஸ்டியரிங் நேராக இருக்க, பின்பக்கம்
எடைமேடைச் சுவரைப் பார்த்து நகர்ந்தது.
கமாலுதீன் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
பக்கத்துத் தறிக்குடோனில் ஒரு கண்டு வாங்கிவந்து,
"ஆளுக்கொரு தலைப்பு புடிங்க" என்றுவிட்டு
டீக்குப் போய்விட்டார்.

பின்வீலிலிருந்து முன்வீல்வரை வெள்ளை நூல்.
முன்னால் அவன், பின்னால் நான்,
நடுவில் இருபதடி லாரி.
தொய்ந்தது.
"இழுத்துப் புடி" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.
"புடிச்சுத்தான் இருக்கறன். நீங்க டயர்ல முட்ட உடாதீங்க."
டயர் என்ற சொல் அங்கே கொஞ்ச நேரம் கிடந்தது.

அடியில் ஊர்ந்துபோய் ஒரே டேப்பில் அளந்தோம்,
கண்ணுக்குக் கண்.
ரெண்டு நூல் வித்தியாசம்.
என்னுடையது குட்டையா, அவனது நெட்டையா?
உடைந்த ராடின் மிச்சம் இருந்தால் தெரியும்.
அதைப் பழைய இரும்புக்குப் போட்டு
ஆளுக்கு நூற்றைம்பது பிரித்திருந்தோம்.

கிரீஸ் சொட்டியது அவன் நெற்றியில்.
துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் ராடையே பார்த்தான்.
பிறகு வலது பக்க நட்டைத் திருப்ப ஆரம்பித்தான்.
தப்பு தன்னுடையது என்று சொல்லவில்லை,
"அறுக்கறது சுளுவு. ஒட்டறதுதான் பாடு"
என்றான், ராடைப் பார்த்துக்கொண்டே.
நான் கிரைண்டரை எடுத்துக் கொடுத்தேன்.

பொழுதிறங்க மறுபடி நூல் பிடித்தோம்.
நாலு வீலையும் தொட்டும் தொடாமலும் நின்றது.
நூலைச் சுருட்டி டேஷ்போர்டில் போட்டான்.

நாளைக்கு ராத்திரி தாவணகெரே.
ராடு வெறும் வண்டிக்கு நன்றாகத்தான் இருக்கிறது.
பதினாறு டன்னுக்கு எப்படி என்று
பதினாலாவது வளைவு சொல்லும்.
டயர் விஷயம் இன்னும் பேசவில்லை.
கிளீனர் ஊருக்குப் போயிருக்கிறான்,
ரெண்டு பேரும்தான் போகிறோம்.